தெற்குப் பக்கத்து மீத்தேன்

நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எங்கள் வீட்டுக்காரர் தன் முந்திரித் தோப்பை விற்கப் புறப்பட்டிருக்க மாட்டார். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. தாங்க முடியாத விஷயம் என்னவென்றால், அவர் பயந்த அந்த மீத்தேன் இருந்தது வேறொரு சூரியனைச் சுற்றும் ஒரு கோளில். அங்கிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேரவே பல வருஷம் ஆகும். அந்த மீத்தேனைச் சொல்லித்தான் மந்தாரக்குப்பத்தில் ஒரு நல்ல மனிதரை மூன்று வாரம் தூங்கவிடாமல் செய்தேன்.

முதலில் என் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் அவரைப் போலவே குழம்புவீர்கள். மற்ற நட்சத்திரங்களுக்கும் நம் சூரியனைப் போலக் கோள்கள் உண்டு. அவற்றில் பல தங்கள் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு வெந்து கிடக்கும். அவற்றைப் பார்க்க ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒதுங்கிப் போனவற்றை. வியாழனைவிடப் பெரிய உருவம், நட்சத்திரத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி ஒரு பாதை, ஒரு சுற்று முடிக்க நூறு வருஷத்துக்கு மேல், குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டைக் கையால் மறைத்துக்கொண்டு ரோட்டோரம் போகிற ஆளைத் தேடுவோமே, அப்படி நட்சத்திரத்தை மறைத்துவிட்டுத்தான் இந்தக் கோளைத் தேட வேண்டும். கிடைக்கிற துளி வெளிச்சத்தையும் நிறம் நிறமாகப் பிரித்து ஒரு கோடாக வரைவோம். கோளின் காற்றில் மீத்தேன் இருந்தால் அது தனக்கு வேண்டிய நிறத்தைத் தின்றுவிடும். அந்த இடத்தில் கோடு சட்டென்று கீழே இறங்கும். அதை நானும் என்னோடு வேலை செய்யும் கோயம்புத்தூர்ப் பையனும் தமிழில் 'பள்ளம்' என்று சொல்வோம். அந்தச் சொல்லை எந்த ஊரில் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரில் சொல்லியிருக்கக் கூடாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு இரண்டு வருஷ ஒப்பந்த வேலை. அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று வந்தேன், அப்படியே தங்கிவிட்டேன். என் வேலைக்கு ஒரு லேப்டாப் போதும். தொலைநோக்கி விண்வெளியில் இருக்கிறது. அதை எட்டிப் பார்க்க யாரும் மேலே போவதில்லை, எல்லோரும் வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். இதை நான் விளக்கிச் சொல்லும்போதெல்லாம் நெய்வேலி நகரியத்து ஆட்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: "பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

நெய்வேலியில் மனிதர்கள் இந்த இரண்டே வகை. பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே பதவி உண்டு. கான்ட்ராக்ட் என்றால் வருஷா வருஷம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அம்மா என்னைப் பற்றிக் கோயிலில் யாரிடமாவது சொல்லும்போது, "டாக்டர் பட்டம் வாங்கியிருக்கா" என்பதைச் சத்தமாகச் சொல்வாள். "இப்போதைக்கு கான்ட்ராக்ட்" என்பதை, ஏதோ தொற்றுநோயைப் போல, வாயைப் பொத்திக்கொண்டு சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் சுரங்கத்தில் பெரிய மண்வெட்டும் யந்திரம் ஓட்டியவர். போன வருஷம் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். ரிட்டயர் ஆனது அப்பாவுக்குத் தெரியும், அவர் உடம்புக்குத் தெரியாது. இன்றைக்கும் முதல் ஷிஃப்ட்டுக்கு எழுகிற நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டு, கூடத்தில் உட்கார்ந்துகொண்டு யாரோ வந்து அழைத்துப்போவார்கள் என்பது போலக் கதவைப் பார்ப்பார். அந்த வெறுமையைப் போக்கத்தான் ஒருநாள் என் வேலையைப் பற்றிக் கேட்டார். நானும் வரிந்துகட்டிக்கொண்டு சொன்னேன். கோளுக்கு மேலே பனிக்கட்டித் துகள்களால் ஆன மேகம் இருக்கலாம், அது கனமாக இருந்தால் அடியில் இருப்பது சரியாகத் தெரியாது, மேகத்தின் கணக்கைக் கழித்தால்தான் மீத்தேன் எவ்வளவு என்று பிடிபடும் என்றேன்.

அப்பாவின் முகம் பளிச்சென்று ஆனது. "அப்ப அந்த மேகம் ஓவர்பர்டன்னு சொல்லு!"

நிலக்கரிக்கு மேலே மூடிக்கிடக்கும் மண்ணைத்தான் சுரங்கத்தில் ஓவர்பர்டன் என்பார்கள். அதை அள்ளிக் கொட்டிய பிறகுதான் கரி. அப்பா ஆயுள் முழுக்க அள்ளியது அதைத்தான்.

"ஆமாப்பா! அதேதான்!" என்று நான் துள்ளினேன். இத்தனை வருஷத்தில் என் ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு நான் துள்ளியதற்கு என் காலை உடைத்துப் போட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் அப்பா மறுநாளே அதைக் கீழே போய் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஊர் தென்காசிப் பக்கம். இங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் எல்லோரும் அவருக்கு அண்ணாச்சிதான். "அண்ணாச்சி, நம்ம பொண்ணு மீத்தேன் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கா. மேலேர்ந்து டெலஸ்கோப் வெச்சுப் பாப்பாங்க. முதல்ல ஓவர்பர்டனக் கழிக்கணும், அப்புறம் அடியில என்ன இருக்குன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுடும்" என்று பெருமை பொங்கச் சொல்லியிருக்கிறார். இதில் கோள் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. கேட்டால், "அதான் உள்ள இருக்குல்ல, தனியா வேற சொல்லணுமா?" என்றார் பிற்பாடு.

வீட்டுக்காரருக்கு வயது அறுபது இருக்கும். அவருடைய அப்பா காலத்தில் இருந்த நிலத்தில் பெரும்பகுதி சுரங்கத்துக்குப் போய்விட்டது. அந்தப் பணத்தில் கட்டியதுதான் நாங்கள் குடியிருந்த வீடு. மிச்சமிருப்பது ஊருக்குத் தெற்கே ஒரு முந்திரித் தோப்பு, வரப்போரம் நான்கு பலாமரம். தினமும் காலையில் மொபெட்டில் தோப்புக்குப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். என்னைப் 'பாப்பா' என்பார். முப்பத்திரண்டு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட ஒரே மனிதர்.

அந்த வீட்டில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் செல்போனில் சிக்னல் வரும். சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் குழுவின் கூட்டம். நான் தொட்டியில் சாய்ந்துகொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவேன். நான் மெல்லப் பேசுகிற ஆளில்லை. சுரங்கத்து யந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவரின் மகள். தொட்டிக்கு நேர்கீழே வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து காற்று வாங்குவார். அவர் காற்று மட்டும் வாங்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பெரும்பாலும் ஆங்கிலம். கோயம்புத்தூர்ப் பையன் வந்துவிட்டால் தமிழும் கலந்துவிடும். "டேய், பள்ளம் சூப்பரா விழுந்திருக்குடா. மீத்தேன் கன்ஃபார்ம். அம்மோனியாவும் இருக்கும்போலத் தெரியுது. இன்னும் ஆழமாப் பாக்க பர்மிஷன் வந்துடுச்சு. அடுத்த மாசம் ஸ்டார்ட் பண்றோம், அந்த இடத்த விடவே கூடாது." இப்படியெல்லாம் கத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

முதல் மாற்றம், நான் 'மேடம்' ஆனேன். ஒருநாள் காலையில் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறேன், வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "வாங்க மேடம்." திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை.

இரண்டாவது, பலாப்பழம். அவர் தோப்புப் பழம் ஒன்று, இரண்டு கையாலும் தூக்க முடியாத அளவில், எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தது. மூன்று நாளில் இன்னொன்று. அதற்கடுத்து மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிற நேரத்தை என்னைக் கேட்டு வைத்துக்கொண்டார். வாடகைக்கு விட்டவன் குடியிருப்பவளைக் கேட்டு மோட்டார் போடுவது மந்தாரக்குப்பத்தில் நடக்கிற காரியமா?

அம்மா காலை நீட்டிக்கொண்டு சுளை உரித்தபடியே யோசித்தாள். "எனக்கென்னமோ தோணுதுடி. அவருக்கு அக்கா மகன் ஒருத்தன் இருக்கான். கடலூர்ல வாத்தியாரா இருக்கான்."

"அம்மா!"

"பர்மனென்ட்டுடி."

"பலாப்பழத்துக்கும் வாத்தியாருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சும்மா யாரு குடுப்பா ரெண்டு பழம்? ஒண்ணுன்னா பாசம். ரெண்டுன்னா விஷயம்."

அவள் சொன்னதில் பாதி உண்மை. விஷயம் இருந்தது, வாத்தியார்தான் இல்லை. ஆனால் நானும் லேசாக நம்பிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் கேட்டைத் திறக்கும்போது தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனேன். யார் பார்க்கிறார்கள் என்று? வாத்தியார் கடலூரில் இருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் படிக்கட்டில் வைத்து வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க அங்கிள்." மனதுக்குள் வாத்தியாருக்கு என்ன பதில் சொல்வது என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மீத்தேனு சொல்றீங்களே. அது இருக்கறது நெசந்தானுங்களா?"

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் இந்த ஊருக்கு வந்து இத்தனை மாதத்தில், பர்மனென்ட்டா என்று கேட்காமல் மீத்தேனைப் பற்றிக் கேட்ட முதல் மனிதர்!

"நிஜம்தான் அங்கிள். துளிகூட சந்தேகமில்ல. பள்ளம் அவ்ளோ தெளிவா இருக்கு."

"எவ்ளோ தூரத்துலங்க?"

இங்கேதான் என் தொழில் புத்தி என்னைக் கவிழ்த்தது. எங்கள் கணக்கில் பத்து இருபது ஒளியாண்டு என்றால் பக்கத்து வீடு. "ரொம்பக் கிட்டத்துலதான் அங்கிள். எங்க லிஸ்ட்லயே இதுதான் கிட்ட."

"எந்தப் பக்கமுங்க?"

"தெக்குப் பக்கம்."

தெற்கு வானத்தில் இருக்கிற நட்சத்திரம் அது. அவர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வயதானவர், வெயிலில் வந்திருக்கிறார், களைப்பு என்று நினைத்தேன்.

"மேல இருக்கறத எல்லாம் இன்னா பண்ணுவீங்க?"

"அத முதல்ல கழிச்சிடுவோம் அங்கிள். இல்லன்னா கீழ இருக்கறது வராதே."

"யாருனா ஆட்சேபன பண்ணா?"

"ஆட்சேபனையா? நீங்க வேற! எத்தனையோ பேரு அந்த இடத்துக்குப் போட்டி. கடைசியில எங்களுக்குத்தான் குடுத்தாங்க." தொலைநோக்கி நேரத்துக்கு நடக்கும் போட்டியைத்தான் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நான் மேலே வந்து அம்மாவிடம், "வாத்தியாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்கிளுக்கு அறிவியல்ல ஆர்வம்" என்றேன். அம்மா அன்று காலை வந்திருந்த மூன்றாவது பழத்தைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

பத்து நாள் கழிந்திருக்கும். காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்காரம்மா தடதடவென்று படியேறி வந்தார். அவிழ்ந்த தலைமுடி, அழுது சிவந்த கண். என் எதிரே வந்து நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்தார்.

"ஏம்மா, ஒனக்கு நாங்க இன்னா கொறை வெச்சோம்? தண்ணி வுடலயா? கரண்டுக்குக் கூட எதுனா கேட்டமா? அந்தத் தோப்பப் போயிக் காட்டிக் குடுத்துட்டியே!"

நான் திருதிருவென்று விழித்தேன். "எந்தத் தோப்பு ஆன்ட்டி?"

"எந்தத் தோப்பா? நல்லா கேக்குற! தெக்குப் பக்கம்னு நீதான சொன்ன? மேலேர்ந்து மிஷின் வெச்சுப் பாத்துட்டோம், மீத்தேன் கெடக்குது, அடுத்த மாசம் எறங்குறோம்னு நீதான சொன்ன? மூணு வாரமா அந்த மனுசன் படுத்தா தூங்கல. சேதி தெரிஞ்சா ஒருத்தனும் வாங்க மாட்டான், அதுக்குள்ள வந்த வெலைக்குத் தள்ளிட்றேன்னு தரகரோட போயிக்கினு இருக்காரு. வடலூர்ல பத்திரம் எழுதிக்கினு இருக்காங்க. அவருக்கு அந்த மரத்த வுட்டா இன்னா இருக்குது?"

பள்ளம், மேலே இருப்பதைக் கழிப்போம், பர்மிஷன் வந்துவிட்டது, போட்டி போட்டு வாங்கினோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நான் சொன்ன ஒரு பதிலிலும் பொய் இல்லை. ஒரு பதில்கூட அவர் கேட்ட கேள்விக்கானதும் இல்லை.

"உன் நாக்குல சனிடி" என்றாள் அம்மா.

"மீத்தேன் அங்க இல்ல ஆன்ட்டி! ஆகாசத்துல இருக்கு!"

"ஆகாசத்துலேர்ந்துதான பாக்குறீங்க?" என்று வீட்டுக்காரம்மா திருப்பிக் கேட்டார். அந்த அம்மாவிடம் பேசி நேரத்தை வீணாக்க முடியாது என்று புரிந்தது. அப்பா ஏற்கெனவே சட்டை போட்டுத் தயாராகத்தான் இருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அது உதவியது. நான் ஸ்கூட்டரை எடுத்தேன், அப்பா பின்னால் ஏறினார். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அவசரத்தில் தோன்றவில்லை.

வடலூரில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே வரிசையாகப் பத்திரம் எழுதும் கடைகள். மூன்றாவது கடையில் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் மஞ்சள் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரகர் பக்கத்திலேயே காவல். எழுதுகிறவர் கம்ப்யூட்டரில் தட்டியபடியே எல்லைகளை வாசித்துக்கொண்டிருந்தார். "வடக்கே வண்டிப்பாதை. கிழக்கே ஓடை..."

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே நுழைந்தேன். அந்தக் குரலுக்கு எழுதுகிறவரின் விரல் அப்படியே நின்றது. "அங்கிள், உங்க தோப்புல மீத்தேன் கிடையாது!"

தரகர் எழுந்தார். "யாரும்மா நீ?"

"மேடம்தான் அந்த சர்வே பாத்தவங்க" என்றார் வீட்டுக்காரர், மரியாதையாக எழுந்து நின்றுகொண்டு. அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

நான் விளக்கத் தொடங்கினேன். நட்சத்திரம் என்றேன், கோள் என்றேன், ஒளியாண்டு என்றேன். அப்பா நடுவில் புகுந்து, "நான் சொல்றேன் அண்ணாச்சி, அந்த மேகம் இருக்குல்ல, அது ஓவர்பர்டன்..." என்றார். "அப்பா, நீங்க ஒரு டீ குடிங்கப்பா!" என்று அவரை வெளியே அனுப்பினேன். பிறகு செல்போனில் எங்கள் கோளின் படத்தை எடுத்துக் காட்டினேன். ஒரு வருஷ உழைப்பு. கறுப்புத் திரையில் மங்கலாக ஒரு புள்ளி.

தரகர் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் தூசி என்று நினைத்து விரலால் துடைத்தார்.

"அந்த மிஷினு மேல இருக்குது. சரிங்களா?" என்று வீட்டுக்காரர் நிதானமாகக் கேட்டார். "மேலேர்ந்துகினு கீழதான பாக்கும்?"

"இல்ல அங்கிள். மேலேர்ந்து இன்னும் மேல பாக்குது."

"அதுக்கும் மேல இன்னா இருக்குதுன்னு பாக்குறாங்க?"

"அதத்தான் அங்கிள் பாக்கறோம்."

எழுதுகிறவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நான் குரலைத் தாழ்த்தினேன். "தோப்பப் பத்திதான்னு அன்னைக்கே எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே அங்கிள்?"

"கேட்டனே" என்றார் அவர். "எல்லாம் கேட்டனே மேடம். எங்கப்பா ஒண்ணுமே கேக்கல. நெலத்த அளக்க வந்தவங்களுக்கு மோர் கரைச்சிக் குடுத்துட்டு, அவரு பாட்டுக்கு களை வெட்டப் போயிட்டாரு. இன்னாத்துக்கு அளக்கறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. சாகற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி மாஞ்சிபோனாரு. நானாவது கேக்கணும்னுதான் கேட்டேன். நீங்க சிரிச்சிகினே பதில் சொன்னீங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. பத்து வருஷமாக ஒரு துளி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு கண்ணுக்கே தெரியாத காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லப் படித்தவள் நான். எதிரே நின்ற மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டதை வெயில் என்று நினைத்தேன்.

"இதெல்லாம் கதைங்க" என்று தரகர் அவர் தோளைத் தட்டினார். "மேலிடத்துல சொல்லி அனுப்பியிருப்பாங்க. வாங்கறவரு வந்துகினு இருக்காரு, கையெழுத்தப் போடுங்க."

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "எந்த மேலிடம்யா?" என்று தரகரைப் பார்த்துக் கத்தினேன். "எனக்கு ஏது மேலிடம்? அந்த மீத்தேன எடுக்க முடியாது, விக்க முடியாது, தொட முடியாது. சும்மா பாக்கறோம்! பாத்து எழுதி வைக்கறோம், அவ்ளோதான்! அதுக்கும் எனக்கு கான்ட்ராக்ட் வேல. அடுத்த வருஷம் அதுவும் முடிஞ்சிடும், அப்புறம் எங்க போவேன்னு எனக்கே தெரியாது!"

வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னமோ புரிந்த மாதிரி அவர் புருவம் மெல்ல ஏறியது.

"கான்ட்ராக்ட்டா?"

"ஆமா அங்கிள்."

"பர்மனென்ட் இல்லயா?"

"இல்ல."

"குவார்ட்டர்ஸ் தரலயா?"

"தந்திருந்தா உங்க மாடியில நான் ஏன் அங்கிள் தொட்டிக்குப் பக்கத்துல நின்னு கத்தப்போறேன்?"

அவர் தரகர் பக்கம் திரும்பினார். "ஏம்பா, இம்மாம் பெரிய மீத்தேனக் கண்டுபுடிச்ச பொண்ணுக்கு பர்மனென்ட் குடுக்காம வுட்டிருப்பாங்களா? ஜீப்பு குடுத்திருப்பாங்க, பங்களா குடுத்திருப்பாங்க. இது பாவம், சிக்னலு இல்லாம மாடியில குந்திகினு கெடக்குது."

"அதுக்காக..."

"சர்வேக்காரங்கள நான் பாத்திருக்கறேன். எல்லாம் பர்மனென்ட் ஆளுங்க. சட்டைய இன் பண்ணிகினு வருவாங்க." எழுதுகிறவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "எழுதாதீங்க சார். வாணாம்."

ஒளியாண்டு செய்யாததை, படம் செய்யாததை, என் கான்ட்ராக்ட் செய்துவிட்டது. என் வாழ்க்கையிலேயே பெரிய குறை என்று அம்மா வாயைப் பொத்திச் சொல்கிற அந்த விஷயம். தரகர் என்னைப் பார்த்து முறைத்த முறைப்பில், பழைய காலமாக இருந்தால் நான் சாம்பலாகியிருப்பேன். அப்பா வெளியே நாலு பேரிடம் டீ குடித்துக்கொண்டே மேகத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நாலு பேரின் நிலம் எங்கே இருக்கிறது என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

வரும் வழியில் வீட்டுக்காரர் தன் மொபெட்டைத் தோப்பின் பக்கம் திருப்பினார். வாங்க என்று சொல்லவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பின்னால் போனோம். உச்சி வெயில். செம்மண்ணில் முந்திரி மரங்கள் கிளையைத் தரையில் பரப்பிக்கொண்டு நின்றன. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தார். காலையில் விற்க நினைத்ததற்கு மரங்களிடம் என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை. அப்பா மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே விட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். அள்ளிய பழக்கம்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து மரத்தடியில் குந்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்தார். பகல் வானம், அதில் ஒன்றுமில்லை.

"பாப்பா" என்றார்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தச் சொல். "சொல்லுங்க அங்கிள்."

"அந்தக் கோள்ல யாருனா இருக்காங்களா?"

"யாரும் இல்ல அங்கிள். நிக்கறதுக்குத் தரையே கிடையாது. பூரா வாயுதான்."

"ஆடு மாடு?"

"இல்ல."

"மரம், கிரம்?"

"எதுவும் இல்ல அங்கிள்."

"நல்லா பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை விரித்துச் சொன்னார்: "அப்ப எடுத்துக்கோ."